ஒரு ஆட்டம் கம்மி

அந்தக் கார் சாவியைக் கொஞ்சம் பாக்கெட்டுலயே வெச்சுக்கோங்க தம்பி. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே எனக்குச் சத்தம் கேட்டுடுச்சு. நாப்பத்து மூணு வருஷமா இந்த ஃபுட்பால் மைதானத்துல இதே வரிசைல உக்காந்திருக்கேன், யாரு எப்பக் கெளம்பப்போறாங்கன்னு சாவிச் சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்.

இல்லல்ல, தப்புன்னு சொல்லல. முப்பத்தஞ்சுக்கு மூணுன்னு தோத்துட்டிருக்கோம், இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு. இனிமே என்ன மாறிடப்போவுது? எங்க போகணும் நீங்க? ராக்ஃபோர்டா. அப்ப நாலு மணி நேரம் ஓட்டணும். பனி வேற வருதுன்னு ரேடியோல சொன்னான். ஆமா, நானும் கேட்டேன்.

பையன் சட்டையில எந்த நம்பரு? அறுபத்து நாலா. தோ, தண்ணி ட்ரம் பக்கத்துல நிக்கறானே, டிரெஸ்ல ஒரு துளி மண்ணு ஒட்டாம, அவனா. தப்பா எடுத்துக்காதீங்க. எம்பையன் டிரெஸ்ஸும் நாலு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. இதைத் துவைக்கறதே சோப்புக்குப் பிடிச்ச கேடுன்னு அவங்கம்மா சொல்லுவா.

ஆமா, இந்த டன்மோர் காலேஜ்லதான் படிச்சான். ப்ரென்ட்னு பேரு. எங்க குடும்பத்துல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு. இன்னிக்கு ஆட்டத்துக்கு முன்னாடி நீங்களும் வீட்டுக்காரம்மாவும் பையன் கையைப் பிடிச்சுட்டு மைதானத்து நடுவுல நடந்தீங்கல்ல, கடைசி வருஷப் பசங்களோட அப்பா அம்மாவைக் கூப்ட்டு நடக்க வெப்பாங்களே, நானும் ஒரு தடவை அப்படி நடந்திருக்கேன். என் வீட்டுக்காரி டார்லாவுக்கு அன்னிக்கு ஆஸ்பத்திரியில டூட்டி, மாத்திக்க முடியல. அம்மாமாருக்குக் குடுக்கற பூவை என் கையில குடுத்துட்டாங்க. அந்தப் பூவை எப்படிப் பிடிக்கறதுன்னுகூடத் தெரியாம ஆட்டம் பூரா முட்டிக்கு நடுவுல வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.

ஓ, பாத்தீங்களா. ஆமா, நான்தான். இடைவேளைல, எல்லா ஆட்டத்துக்கும் வர்றவருன்னு மைக்குல கூப்ட்டுப் போர்வை குடுத்தாங்களே, அது எனக்குத்தான். லைல் ஹ்ருஸ்கா. தீவன மில்லுல வேலை பாத்தேன், இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். நீங்க கைதட்டினதைக் கவனிச்சேன், நன்றி. சும்மா இருந்தவங்கதான் ஜாஸ்தி. மதியானம் பீர் குடிச்சுட்டு வந்த பசங்களுக்கு ஒரு கெழவன் போர்வை வாங்கறதுல என்ன இருக்கு?

நல்ல டீமான்னா கேக்கறீங்க? நான் வந்த மொத வருஷம் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. அடுத்த வருஷமும் அதே கதை. இடையில ஒரு தடவை தொடர்ந்து இருபத்தேழு ஆட்டம் தோத்தோம். இருபத்தெட்டாவதுல ஜெயிச்சோம், எப்படின்னு கேளுங்க. வரவேண்டிய டீமோட பஸ்ஸு பனியில மாட்டிக்கிச்சு. அவங்க வரவே இல்ல, அதனால நாங்க ஜெயிச்சதா எழுதிட்டாங்க. எங்கூட மில்லுல வேலை பாத்த மெர்ல், அன்னிக்கு ஊருக்கே பீர் வாங்கிக் குடுத்தான். அந்த பஸ் டிரைவரைத்தான் கோச்சாப் போடணும்னு சொல்லிட்டிருந்தான்.

மெர்லு இங்கதான், இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல உக்காருவான். அவனை அவன் பொண்ணு அரிஸோனாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆசிரியை, அவங்க புருஷன், தபால்காரர் ஒருத்தர். வரிசை பூரா ஆளு இருந்துச்சு. டார்லா ஆட்டம் பாக்க வரமாட்டா, ஆனா ஃபிளாஸ்க்குல சூப்பு ஊத்தி அனுப்புவா, அஞ்சு பேருக்கு வர்ற மாதிரி. இப்ப நான் ஒரே ஒரு கப்புதான் எடுத்துட்டு வர்றேன். அவ கண்ணை மூடி ஆறு வருஷமாச்சு.

எங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம் ஆஷ்ஃபீல்ட் தோக்கறதுதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற காலேஜ். நாங்க அவங்களை ஜெயிக்கவே முடியாது, ஆனா வேற யாராவது அவங்களை அடிச்சா, அந்த ஸ்கோரை இங்க மைக்குல சொல்லுவாங்க. சொன்னதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கத்தும். நம்ம பசங்க அங்க மண்ணைக் கவ்விட்டிருப்பாங்க, நாங்க இங்க ஆஷ்ஃபீல்டு தோத்துச்சுன்னு குதிப்போம். பாவம், அவனுங்க தலையைத் தூக்கி எதுக்குக் கத்தறாங்கன்னு பாப்பானுங்க.

உக்காந்துட்டீங்க. நல்லது. ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போங்க. ஏன் சொல்றேன்னா, கடைசி வருஷப் பசங்களை இந்த ஆட்டத்துல கடைசி நாலஞ்சு நிமிஷம் இறக்கிவிடுவாங்க. எப்படியும் தோத்தாச்சு, நாலு வருஷம் பெஞ்சுல உக்காந்தவனும் ஒரு தடவை ஓடட்டுமேன்னு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா? பையன் சொல்லமாட்டான். இறங்குவேன்னு சொல்லி இறங்கலைன்னா அசிங்கம்ல. எம்பையனும் சொல்லமாட்டான்.

அந்த வழக்கம் ப்ரென்ட் வருஷத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி கெடையாது. அப்ப இருந்த கோச்சு கல்லு மாதிரி ஆளு, நாப்பது பாயிண்ட்ல தோத்துட்டிருந்தாலும் ஆளை மாத்தமாட்டாரு. அதனால நான் என்ன நெனச்சேன்? நாலு வருஷமா இறக்காதவரு இன்னிக்கா இறக்கப்போறாருன்னு நெனச்சேன். அன்னிக்கும் இதே மாதிரிதான், முப்பத்தெட்டுக்குச் சைபர். கால் வெறைச்சுப் போச்சு. வெளிய போற வழியில அந்த ஒத்தைப் பாலம் இருக்கு பாருங்க, ஆட்டம் முடிஞ்சப்பறம் போனா முக்கா மணி நேரம் நிக்கணும். சரி, போயி வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சூடு பண்ணி, பாலத்துப் பக்கமா நிறுத்தி வெச்சா பையன் வந்ததும் கெளம்பிடலாமேன்னு எழுந்தேன். மெர்லு கூடச் சொன்னான், இருடா கெழவா, சாவறதுன்னா சேந்தே சாவோம்னு. நான் சிரிச்சுட்டு எறங்கிட்டேன். ஏழு நிமிஷம் இருந்துச்சு.

ஆமா தம்பி. நாப்பத்து மூணு வருஷத்துல ஒரு ஆட்டம்கூடப் பாதியில போனதில்லைன்னு மைக்குல சொன்னாங்களே, அது சரியில்ல. ஒரு ஆட்டம் கம்மி.

வண்டிக்குப் பக்கத்துல நிக்கறேன். காத்து அந்தப் பக்கமா அடிக்குது, மைக்குச் சத்தம் விட்டு விட்டு வருது. திடீர்னு எண்பத்து மூணு, ப்ரென்ட் ஹ்ருஸ்கான்னு காதுல விழுந்துச்சு. அவன் பிடிக்கறதுக்குத்தான் பந்தை எறியறாங்கன்னு ஏதோ சொன்னாங்க. அவ்வளவுதான், உடனே மொத்தக் கூட்டமும் ஓன்னு கத்துச்சு. நம்ம பசங்களுக்காக அப்படி ஒரு சத்தத்தை அந்த மைதானத்துல நான் கேட்டதில்ல. எஞ்சினை ஓடவிட்டுட்டே ஓடினேன். மைதானத்து கேட் கிட்ட போறதுக்குள்ள எல்லாரும் வெளிய வந்துட்டிருக்காங்க. ஆட்டம் முடிஞ்சுபோச்சு.

அவன் குளிச்சுட்டு வந்தான், வண்டியில ஏறினான். நான்தான் ஆரம்பிச்சேன். பிரமாதமாப் பிடிச்சடா அந்தப் பந்தைன்னேன்.

என்னைத் திரும்பிப் பாத்தான். கொஞ்ச நேரம் பாத்தான். அப்பறம் தேங்க்ஸ்ப்பான்னான்.

அத்தோட விட்டேனா? ராத்திரி சாப்பாட்டுக்கு டார்லா வந்தா. ஆட்டத்தைப் பாக்க முடியலையேன்னு அவளுக்கு வருத்தம். நான் விவரிக்க ஆரம்பிச்சேன். எப்படி ஓடினான், எப்படி எகிறினான், ரெண்டு பேரு மேல வந்து விழுந்தும் பந்தை விடாம எப்படி நெஞ்சோட சேத்துப் பிடிச்சான்னு, கையில உருளைக்கிழங்குக் கிண்ணத்தைப் பந்தாப் பிடிச்சுக் காட்டறேன். அவ கண்ணுல தண்ணி. நெஜமாவாடா ப்ரென்ட்டுன்னு கேட்டா. ஆமாம்மான்னு சொல்லிட்டு அவன் குனிஞ்சு சாப்ட்டான்.

திங்கக்கிழமை மில்லுல மெர்லு என் தோள்ல கை வெச்சான். பையனைத் திட்டாத லைல், குளுருல கை மரத்துப்போச்சு, யாருக்கு வேணா நழுவும்னான். நேரா கையிலேயே வந்து விழுந்த பந்தாம். கீழ விட்டுட்டானாம். முட்டி போட்டு அப்படியே உக்காந்துட்டானாம். அப்ப அந்தச் சத்தம் எதுக்குடான்னு கேட்டேன். ஆஷ்ஃபீல்டு தோத்துச்சுல்ல, அந்த நேரம் பாத்துத்தான் மைக்குல சொன்னாங்கன்னான்.

அவன் முட்டி போட்டு உக்காந்திருக்கான், ஊரே எழுந்து நின்னு குதிக்குது.

இல்ல. நான் பாக்கலன்னு அவன்கிட்ட சொல்லல. அடுத்த வாரம் சொல்லலாம்னு பாத்தேன், அப்பறம் பட்டமளிப்பு அன்னிக்குச் சொல்லலாம்னு பாத்தேன். டார்லா அந்தக் கதையை அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா, அவன் முன்னாடியே சொல்லுவா. அவ நம்பிட்டேதான் போனா. அந்த ஆட்டம் நடந்து இருபத்தோரு வருஷமாச்சு. ப்ரென்ட் இப்ப ஆரிகன்ல இருக்கான், ரெண்டு பொண்ணுங்க. நான்தான் அன்னிலேர்ந்து எல்லா ஆட்டத்துக்கும் வந்து, கடைசி விசில் வரைக்கும் உக்காந்துட்டிருக்கேன். விளக்கை அணைக்கறவரு வந்து என் தோளைத் தட்டுவாரு. ஊரு அதை விசுவாசம்னு நெனச்சுப் போர்வை குடுக்குது.

சரி, நான் பேசிப் பேசியே உங்களை ஏழு நிமிஷம் உக்கார வெச்சுட்டேன். பனியும் விழ ஆரம்பிச்சுடுச்சு, வீட்டுக்காரம்மா வண்டியில காத்துட்டிருக்காங்கன்னு வேற சொல்றீங்க. கெளம்பணும்னா கெளம்புங்க, நான் தடுக்கல. ஒண்ணு மட்டும். உங்க பையன் கேட்டா, பாக்கலடான்னு சொல்லிடுங்க. கோவப்படுவான். கத்துவான், ரெண்டு வாரம் பேசமாட்டான், அப்பறம் சரியாயிடும்.

எம்பையன் என்மேல கோவப்பட்டதே இல்ல தம்பி. கிறிஸ்துமசுக்கு ஃபோன்ல கூப்பிடுவான். உடம்பு எப்படி இருக்கு, அங்க பனி எவ்வளவுன்னு கேப்பான். ரொம்ப மரியாதையாப் பேசுவான்.