நாய்கள் கைநாட்டு வைத்த மனு

“பதினாலு நாயும் கைநாட்டு வெச்சிருச்சு.”

பாபநாசத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். மடியில் கலெக்டருக்கு எழுதிய மனு, அதன் அடியில் வரிசையாக ஊதா மையில் நாய்க்கால் தடங்கள். திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள்.

“சிரிப்பாங்கக்கா,” என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

“சிரிக்கட்டும். அடிபட்ட நாயெல்லாம் பேரூராட்சி வண்டியிலதான் நம்ம காப்பகத்துக்கு வருது. தீனிக்கும் மருந்துக்கும் நிதி கேட்டா மட்டும், நீங்க தனியார், தர முடியாதுங்குறாங்க.”

“போன தடவையும் இதையேதான் சொன்னாங்க.”

“இந்தத் தடவை பதில் வாங்காம எந்திரிக்க மாட்டேன்.”

அய்யம்பேட்டை தாண்டியதும் அவருக்கு போன் வந்தது. “பேரூராட்சி ஆபீஸ்தான்,” என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் பேசினார்.

“கன்னுக்குட்டி ரோட்டுல அடிபட்டுக் கிடக்கா? அனுப்புங்க சார், பாத்துக்கறோம். ஆனா நீங்கதான் அனுப்புறீங்கன்னு எழுதி, சீல் வெச்சு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. மனுவோட சேத்துக் குடுக்கணும்.”

மறுமுனை ஏதோ இழுத்தது. அவர் குரல் உயரவில்லை.

“எங்க நாய்ங்களே கைநாட்டு வெச்சிருச்சு சார். நீங்க ஒரு சீல் வைக்க மாட்டீங்களா?”