பதினேழாம் எண் கல்

மாலை ஐந்து நாற்பது. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், முன் இருக்கை இளம்பெண்ணின் மடியில் மஞ்சள் பெயின்ட் அடித்த கூழாங்கல். மேலே 17 என்று எழுதியிருந்தது.

“இது எங்கேம்மா கெடச்சுது?” என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள்.

“பாலாத்துல, ஆன்ட்டி. வெள்ளம் கல்லை எவ்ளோ தூரம் தள்ளுதுன்னு ஆராய்ச்சி பண்றேன். பாலத்துகிட்ட நான் வெச்சது, ரெண்டு கிலோமீட்டர் ஓடியிருக்குது. இதான் என் பெரிய ரிசல்ட்டே.”

“ஓடறதுக்கு அதுக்கு காலா இருக்குது? ஆத்தங்கரையில காயப்போட்ட துணி பறக்குதுன்னு, மேல வெக்க நான்தாம்மா தூக்கினு போனேன்.”

“ஐயோ! வெள்ளத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“வடிஞ்சப்புறம்தான். இன்னும் மூணு எங்க வீட்டுத் தண்ணித்தொட்டி மூடி மேல இருக்குது.”

“எடுத்த இடம் ஞாபகம் இருக்குதா, ஆன்ட்டி? அதுவரைக்கும்தான் வெள்ளம் தள்ளியிருக்குது.”

“ஏன் இல்லாம? வா, காட்டறேன்.”

காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த அந்தப் பெண், அம்மாளோடு வாலாஜாபாத்தில் இறங்கினார்.