பூ விமானத்துக்குப் பொருத்திய பிளக்

பற்றறிக்கு எந்தப் பிளக் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்னிடம் கேட்டால், அதைத் தொடப்போகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லுங்கள், பிளக்கைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்பேன். கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் ரேடியோ திருத்துகிற, பற்றறிக்குச் சார்ச் போடுகிற கடை என்னுடையது, என் பெயர் யோகலிங்கம். யோகலிங்கத்தின் வேலையில் குறை கண்டவர் யாரும் இல்லை. மரண விசாரணைக்கு வந்தவரும் அந்த விமானத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வயரும் பிழையாகப் பூட்டப்படவில்லை என்றுதான் சொன்னார்.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் ஐயா நானாகவே இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். யோசித்து, ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்துச் செய்த வேலையை விபத்து என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. எழுதுங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

எனக்கு ஒரே தங்கை, விமலேஸ்வரி. தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்விட, சங்கானையில் அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். அவளுக்கு முதல் ஒரு வழி பண்ணவேண்டும் என்று நான் கலியாணம் கட்டவில்லை. கடைசியில் கதிர்காமநாதனுக்குக் கட்டிக் கொடுத்தேன். அக்கராயன் குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்தவன். வாட்டசாட்டமான ஆள், உரத்த சிரிப்பு. அவளைக் கண்ணெட்டுகிற தூரத்தில் வைத்திருக்கலாமே என்றுதான் நானும் ஊரை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்து கடை போட்டேன்.

அவன் அவளை என்ன பாடு படுத்தினான் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். வெயில் படாமல் வளர்ந்த பிள்ளை வயலில் நின்று களை பிடுங்கினாள். கை இரண்டும் கறுத்துக் காய்த்துப் போயிருந்தன. ஒரு முறை முழங்கைக்குக் கீழே சுட்ட அடையாளம் கண்டேன். கேட்டதற்கு, "தோசைக்கல்லுப் பட்டது அண்ணை. நீங்கள் சும்மா யோசிக்காதேங்கோ" என்றாள். "அவன் ஏதும் செய்தவனோ?" என்று திருப்பிக் கேட்டேன். "உங்களுக்கென்ன விசரே? எனக்கு ஒரு குறையுமில்லை" என்று சிரித்தாள். ஒரு குறையும் இல்லாத பெண் எதற்காக அப்படிச் சிரிக்கவேண்டும்? பயந்தவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

ஒரு பொங்கலுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு இருந்தோம். வந்த ஆளுக்கு முதலில் போடுவதுதான் எங்கள் வழக்கம். அவள் முதல் அகப்பையை அவனுக்குப் போட்டாள். போட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். வளர்த்தவனை மறக்கிற அளவுக்கு ஒரு பெண்ணைப் பயமுறுத்தி வைத்திருக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்டவன்? அன்றைக்குத் தீர்மானித்தேன், அவளை மீட்டுக் கொண்டு போவது என்று. புருஷன் உயிரோடு இருக்கிற பெண்ணை யாரும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அதனால் அவன் இருக்கக் கூடாது. கணக்கு நேரானது.

அக்கராயன் பிள்ளையார் கோயில் திருவிழாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரருடைய உபயம். போன வருஷம் சிற்றம்பலம் தன் நாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு கூட்டம் மேளம் இறக்கி எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டார். இந்த வருஷம் அவரை விழுத்தவேண்டும் என்று கதிர்காமநாதனுக்கு ஒரே துடிப்பு. சாமி வெளிவீதி வரும்போது மேலே ஒரு விமானம் சுற்றிச் சுற்றிப் பறந்து பூச் சொரியவேண்டும். அதுதான் அவனுடைய ஆசை. கேட்க வந்தவள் விமலேஸ்வரி.

"அண்ணை, அவருக்குச் சரியான ஆசை. உங்களை விட்டால் ஆர் செய்வினம்?"

செய்து கொடுத்தேன். நல்லாகவே செய்தேன். மூங்கில் சட்டம், பட்டுத் தாள், லொறிக் கண்ணாடி துடைக்கிற மோட்டர், முதிரைப் பலகையில் செதுக்கிய விசிறி. பனங்கம்பத்தின் உச்சியில் சுழலுகிற தடியின் ஒரு முனையில் விமானம், மறுமுனையில் பாரத்துக்குக் கல். கார் பற்றறியின் கரண்ட் வயர் வழியே கம்பத்தில் மேலே ஏறும். கீழே ஒருவர் பிஸ்கற் தகரப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்து அதில் பூட்டிய சுவிச்சை அமத்தவேண்டும். காரில் ஒரு வயரைச் சட்டத்தோடு சேர்ப்பதுபோல ஒரு வயரைத் தகரத்தோடு சேர்த்தேன். கார் பற்றறிக் கரண்டை ஈரக் கையாலும் தொடலாம், ஒன்றும் செய்யாது. ஆகவே அதிலும் பிழையில்லை.

மிஞ்சியது பிளக். பற்றறியையும் விமானத்தின் வயரையும் எதனால் இணைப்பது?

முதலைவாய்க் கிளிப் போடலாம். கவ்விப் பிடிக்கும், ஆனால் ஆட்டத்தில் கழன்று பொறி பறக்கும். காருக்குப் போடுகிற ஈயக் கவ்வி போடலாம். இறுகப் பிடிக்கும், ஆனால் கழற்ற ஸ்பானர் வேண்டும். ரேடியோ பற்றறிக்கு வருகிற பிளக் இருக்கிறது. ஒரு ஊசி தடிப்பு, மற்றது மெல்லிசு. அதை மாறிக் குத்தமுடியாது, வேறு இடத்திலும் குத்தமுடியாது. விசரன் கையில் கொடுத்தாலும் பிழை வராது. அதுதான் சரியான பிளக். அதனால்தான் அதை ஒதுக்கினேன். மோட்டர் இழுக்கிற கரண்டுக்கு அந்த மெல்லிய ஊசி சூடாகிவிடும் என்று ஒரு நியாயமும் கைவசம் வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

நான் போட்டது சாதாரண இரண்டு ஊசிப் பிளக். திருவிழாவுக்குக் கரண்ட் எடுக்க வாடகைக்கு வருகிற லைற் எஞ்சினில் பல்புமாலைகளுக்குக் குத்துவார்களே, அதே பிளக். விமானத்தின் வயரில் அந்தப் பிளக், பற்றறியில் அதற்கேற்ற சாக்கெட்.

கதிர்காமநாதன் அதைப் பார்த்தான். "மச்சான், இது லைற் எஞ்சின் பிளக்கெல்லோ?" என்றான்.

"ஓம். உடைஞ்சால் எந்தக் கடையிலயும் வாங்கலாம்" என்றேன்.

"அதுவும் நல்ல யோசனைதான்" என்று என் முதுகில் தட்டினான்.

இப்போது அவனுடைய குணத்தைச் சொல்லவேண்டும். பொறுமை என்பது அவனிடம் மருந்துக்கும் இல்லை. போன வருஷத் திருவிழாவில் ஜீப் லைற் ஒன்றைக் கொண்டுவந்து, வயர் நுனியை எஞ்சின் சாக்கெட்டுக்குள் விட்டு, நெருப்புக்குச்சியால் இறுக்கியவன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்பு வெடித்துச் சிதறியது. கையில் கண்ணாடி குத்தியிருக்க, நின்று சிரித்தான். அப்படிப்பட்டவனுக்கு விமானம் பாதியில் நின்றால், சனமும் சிரித்தால், பக்கத்தில் எஞ்சின் முழங்கிக்கொண்டிருந்தால், கையில் அதற்குப் பொருந்துகிற பிளக்கும் இருந்தால் என்ன செய்வான்? குத்துவான். ஓடிவந்து பெட்டியைத் தூக்குவான். எஞ்சின் கரண்ட் பற்றறிக் கரண்ட் இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு ஊசிப் பிளக்கை எப்படித் திருப்பியும் குத்தலாம். ஒரு விதமாகக் குத்தினால் மோட்டர் எரிந்து நாறும், அவ்வளவுதான். மற்ற விதமாகக் குத்தினால்தான் தகரப் பெட்டிக்குக் கரண்ட் வரும். என் பங்கை நான் செய்தேன், மிச்சத்தைப் பிள்ளையாரிடம் விட்டேன். அவரும் சம்மதிக்கவேண்டுமே. இதைவிட நியாயமாக ஒருவன் நடக்கமுடியுமா, சொல்லுங்கள்.

அவனுடைய உபய நாளன்று சார்ச் குறைந்த பற்றறியைத்தான் கொண்டுபோனேன். பொழுது படுகிற நேரம். புழுதி அடங்கக் குளத்துத் தண்ணீரை வீதி முழுக்கத் தெளித்திருந்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு ஈரத்தில் நின்றார்கள். சாமி வடக்கு வீதிக்கு வந்ததும் கதிர்காமநாதன் சுவிச்சை அமத்தினான். விமானம் எழும்பிச் சுற்றியது, செவ்வரத்தம்பூவும் நித்தியகல்யாணியும் சொரிந்தன. சனம் அரோகரா போட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கே உடம்பு புல்லரித்தது. பிறகு வேகம் குறைந்து, முக்கி முனகி, சாமிக்கு நேர் மேலே நின்றுவிட்டது.

"விமானத்துக்குப் பசி போல. ஒரு பிடி சோறு குடுங்கோவன்" என்றார் சிற்றம்பலம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதிர்காமநாதனுடைய முகம் கறுத்தது. பற்றறியில் இருந்து பிளக்கை இழுத்துக் கழற்றினான். எல்லாம் நான் நினைத்தபடிதான்.

ஆனால் அவன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இஞ்சாரும், இதை ஒருக்காப் பிடியும். நான் சொன்ன உடனை சுவிச்சை அமத்தும்" என்று விமலேஸ்வரியைக் கூப்பிட்டான். அவள் கூட்டத்துக்குள்ளே இருந்து வந்தாள். இத்தனை சனத்துக்கு முன்னால் கூப்பிட்டதில் வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தகரப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் பிளக்கோடு எஞ்சினடிக்குப் போனான். போனவன் நின்றான். யாரிடமும் எதையும் கேட்காதவன் அன்றைக்குத் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மச்சான், இதில குத்தினால் ஓடுமே?"

அவளும் என்னைப் பார்த்தாள். அண்ணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை. சின்ன வயதில் இருந்தே அவளுக்கு என்மேல் அந்த நம்பிக்கை.

"ஓடும்" என்றேன்.

கதிர்காமநாதன் வெளியே வாங்குப் பலகையில் இருந்து குழறுகிறது இங்கே கேட்கிறது. அவள் செத்து இத்தனை நாளாகியும் சோறு தண்ணீர் இல்லாமல் அழுகிறானாம். இவ்வளவு சத்தமாக அழுகிறவனை நான் நம்பமாட்டேன். உண்மையான துக்கம் எனக்குத்தான். நான் அழவில்லை, பாருங்கள்.

'வேண்டாம் மச்சான், மோட்டர் எரிஞ்சுபோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காதே என்று கேட்கிறீர்கள். உண்மைதான். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அவன் அந்தப் பிளக்கை இனி ஒருக்காலும் எஞ்சினில் குத்தமாட்டான். அவளைக் கூட்டிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போயிருப்பான், அவள் முதல் அகப்பையை அவனுக்கே போட்டுக்கொண்டிருப்பாள். அவளை மீட்பதற்காக இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரியத்தை, ஐயா, என் வாயாலேயே கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.