பதினான்கு நாள் கருத்துக் கேட்பு

உங்கள் மேஜைக் கணினியின் மேல் இருக்கும் பச்சைப் பொட்டலத்துக்குப் போன மாதமே தேதி முடிந்துவிட்டது. மாற்றிவிடுங்கள். தேங்காய் மணக்கும் அந்தத் தின்பண்டத்தின் பெயருக்கே 'சமத்தாயிரு' என்றுதான் அர்த்தம். அதை மேலே வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்று இந்தத் தீவில் படித்தவர்களே நம்புகிறார்கள். தேதி முடிந்த பொட்டலம் என்றால் இயந்திரத்துக்குக் கோபம் வருமாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்கள் ஒழுங்காகச் செய்யட்டுமே என்று சொன்னேன்.

நடந்ததை வாக்குமூலமாக என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நல்லது. எழுதினால் யாரும் பிறகு திரிக்க முடியாது.

என் பெயர் சுவா. வயது ஐம்பத்தேழு. தைனான் நகரில் பல்செட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தேவாலயச் சபையில் பதினாறு வருடமாக டீக்கன், அதாவது சபை ஊழியன். நம் தாய்மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையைப் பழைய மிஷனரிகள் கொண்டுவந்தார்கள். அதனால் அதற்குத் தேவாலய எழுத்து என்றே பெயர். எங்கள் பாட்டுப் புத்தகம் அதில்தான் இருக்கிறது. கணினியில் அதைத் தட்ட வழியில்லாமல் இருந்தபோது, பதினோரு வருடத்துக்கு முன், நானே நிரல் எழுதப் படித்து ஒரு விசைப்பலகை செய்தேன். அதற்கும் 'தேவாலய எழுத்து' என்றே பெயர் வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டேன்.

திறந்து விட்டால் ஆட்கள் வருவார்கள். மொழிமேல் பற்றுள்ள பிள்ளைகள், திறந்த மூல மென்பொருள் என்றால் உயிரை விடுகிறவர்கள். என்னோடு ஏழு பேரானோம். சனிக்கிழமை மதியம் பால்கெண்டைக் கஞ்சிக் கடை மாடியில் கூடுவோம். அவர்களில் ஒருவருக்கும் சபை கிடையாது. ஆனால் அவர்களுக்கும் ஒரு மதம் உண்டு, ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதையும் மறைக்கக் கூடாது. எதையும் பூட்டி வைக்கக் கூடாது. செய்தவன் பெயர் செய்ததன் மேல் இருக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு மறுப்பும் இருந்ததில்லை.

கேலிதான் ஓயாது. நான் கஞ்சிக்கு முன் கண்ணை மூடி ஜெபித்தால் ஆ-துன் ஆரம்பித்துவிடுவான். அவனுக்கு இருபத்தொன்பது வயது, எங்களில் கெட்டிக்காரன்.

"என்ன டீக்கன், கஞ்சியோட லைசென்ஸ் படிச்சு முடிச்சாச்சா? 'சம்மதம்'னு அமுக்கிட்டு நாங்க சாப்பிடலாமா?"

இன்னொரு நாள், "உங்க சாமி உலகத்தப் படைச்சாரே, சோர்ஸ் கோடை வெளியிட்டாரா? கேட்டுச் சொல்லுங்க. அதுல நெறையப் பிழை இருக்கு, திருத்தி அனுப்பணும்."

நானும் சிரிப்பேன். பதினோரு வருடம் சிரித்திருக்கிறேன். ஏழாம் மாதம் பேய்களுக்குப் படையல் போடும்போது மாடியில் இருக்கும் எங்கள் சர்வருக்கு முன்னாலும் மேஜை போட்டு ஊதுபத்தி ஏற்றுவார்கள். நான் படியில் உட்கார்ந்து தனியாகக் கஞ்சி குடிப்பேன். அந்த சர்வரை வாங்கி வைத்தவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன் எட்டாவதாக ஒரு பெண் வந்தாள். பெயர் கேட்டதற்கு, "நத்தைன்னு கூப்பிடுங்க" என்றாள். எங்கள் வட்டத்தில் புனைபெயரோடு வருவது சகஜம், யாரும் மேலே கேட்கவில்லை. கஞ்சி வந்ததும் அவள் ஒரு கணம் தலை குனிந்தாள். உதடு லேசாக அசைந்தது. அந்த மாடியில் நான் தனியாள் இல்லை என்று எனக்குத் தோன்றிய முதல் நாள் அது. அன்று கஞ்சிக்கு மிளகு போடவே மறந்துவிட்டேன்.

அடுத்த வாரமே அவளை எங்கள் சபைக்கு அழைத்தேன். படியிறங்கும்போது என்னை நிறுத்திச் சொன்னாள்.

"சுவா அண்ணே, எனக்கு அங்க இடம் பிடிச்சு வைக்காதீங்க. நான் சபைக்குப் போறத விட்டுட்டேன்."

"ஏம்மா?"

"வீட்டுக்காரர் அடிப்பாரு. எங்க சபை மூப்பருங்ககிட்ட மூணு தடவை போய் நின்னேன். மூணு தடவையும் ஜெபம் பண்ணி அவரோடயே அனுப்பி வெச்சாங்க. மூணாந்தடவை போனதுக்கப்புறம் இந்தக் காது கேக்கல."

எந்தக் காது என்று கேட்டேன். இடது என்றாள். இப்போது வேறு ஊரில் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை, ஊர் பேர் வேண்டாம் அண்ணே என்றாள். அந்த மாடியில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நம் மொழியில் ஒரே சொல்லை எட்டு விதமாக ஏற்றி இறக்கிச் சொல்லலாம், எட்டும் எட்டுப் பொருள். ஒலிபெருக்கிக்கு வலது காதைக் கொடுத்து உட்கார்ந்து பதினாலாயிரம் சொற்களின் ஒலிக்குறிகளை அவள் சரிபார்த்தாள். இரண்டு காது உள்ளவர்கள் விட்ட பிழைகளையெல்லாம் அவள் பிடித்தாள். அவள் வேலையை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.

ஆனால் அவள் என் பக்கம் நிற்கவில்லை. சர்வர் மேலிருந்த பச்சைப் பொட்டலத்துக்குத் தேதி முடிந்தபோது, புதிதாக வாங்கிவந்து வைத்தவள் அவள்தான்.

"ஐயோ, டீக்கன் முறைக்கிறாரு பாரு" என்றான் ஆ-துன்.

"முறைக்கட்டும். அண்ணன் முறைக்கிறதுக்குப் பயந்துதான் சர்வரே ஓடுது" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

ஒருநாள் ஆராதனை பற்றிப் பேச்சு வந்தது. அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை காலைல மொதலாளி குடும்பம் ஊருக்குப் போயிடும். பண்ணைல நான் மட்டும்தான். குஞ்சுங்களுக்குத் தீனி போட்டுட்டு மோட்டார் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப எனக்கு அதான் ஆராதனை." அது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் ஆ-துன் விசைப்பலகையின் பெயரை மாற்ற வேண்டும் என்றான்.

"'தேவாலய எழுத்து'ன்னு பாத்தா பசங்க, பாட்டுப் புத்தகம்டான்னு ஓடிடுறாங்க, டீக்கன். 'நம்ம வாய்'னு வெப்போம். எல்லாருக்கும் வாய் இருக்கில்ல?"

வாக்கெடுத்தோம். ஏழுக்கு ஒன்று. நத்தையும் கை தூக்கினாள். தூக்கிவிட்டு என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கண்ணே, அந்தப் பேரத் திரையில பாக்குறப்பல்லாம் எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். பரவாயில்லை என்றேன். மற்ற ஆறு பேர் கை தூக்கியது எனக்கு வலிக்கவில்லை, அவர்களிடம் நான் எதிர்பார்த்ததும் இல்லை. அவள் தூக்கியதில் எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் நாலு மாதம் இருந்தது. இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயம். நாங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பதிவேட்டில் ஏறும்: செய்தவர் பெயர், மின்னஞ்சல், நேரம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். ஏறியதை அழிக்கக் கூடாது என்பது விதி. அழித்தால் மற்றவர்களிடம் இருக்கும் பிரதிகளோடு பொருந்தாமல் போகும். மீறி அழிக்கும் அதிகாரம் சாவி வைத்திருக்கும் என் ஒருவனிடம்தான் இருந்தது. நத்தை எப்போதும் தன் மடிக்கணினியில், புனைபெயரில்தான் வேலை செய்வாள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது பழுதாகிவிட்டதால், நாலே நாலு ஒலிக்குறிகளைத் திருத்தப் பண்ணை அலுவலகக் கணினியை எடுத்திருக்கிறாள். அந்தக் கணினியில் இருந்த அவளுடைய முழுப் பெயரும், பண்ணையின் பெயரில் முடியும் மின்னஞ்சலும் பதிவேட்டில் ஏறிவிட்டன. ஆங் சியோக்-ஹுன்.

பத்து நிமிடத்தில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்த ஒரு பதிவ அழிச்சிடுங்க. யாரும் பாக்குறதுக்குள்ள. கெஞ்சிக் கேக்குறேன்."

"விதி இருக்கேம்மா. நீயும் சேர்ந்து போட்ட விதிதானே? ஒரு ஆளுக்காக மீறினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"விதி எனக்கும் தெரியும்ணே. உங்களுக்கு என் காதும் தெரியும்."

முறைப்படி செய்கிறேன் என்றேன். எங்கள் முறை என்னவென்றால், முக்கியமான எந்த முடிவுக்கும் பொதுவில் தலைப்பு வைத்துப் பதினான்கு நாள் கருத்துக் கேட்க வேண்டும். புதன்கிழமை காலை நான் கருத்துக் கேட்பைத் திறந்தேன். தலைப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் விதி. 'ஆங் சியோக்-ஹுன் என்பவரின் பெயரையும் பணியிட முகவரியையும் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரிக்கை' என்று வைத்தேன். பதிவேட்டில் ஒரு வரியாகக் கிடந்த பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வரும்படி நான் செய்துவிட்டேனாம். ஆ-துன் கத்தினான்.

"டீக்கன், உங்களுக்கு மூளை இருக்கா? ஒரே ஒரு வரிங்க. ஒரு பொம்பள பயந்து போய்க் கேக்குறா!"

"கருத்தை அங்க எழுதுப்பா. எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

எழுதினான். எல்லோரும் எழுதினார்கள். உடனே அழியுங்கள் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பதினான்கு நாள் என்றால் பதினான்கு நாள்தான்.

பதினோராம் நாள் சனிக்கிழமை. அவள் மாடிக்கு வந்தாள். கஞ்சியைத் தொடவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"பண்ணைய விட்டுக் கெளம்பிடவாண்ணே? துணிமணி கட்டித்தான் வெச்சிருக்கேன். நீங்க சொன்னா இன்னைக்கே போயிடுறேன்."

"எதுக்கும்மா? இதையெல்லாம் யாரு தேடிப் படிக்கப் போறாங்க? செவ்வாக்கிழமை முடிஞ்சிடும். நான் அழிச்சுடறேன்."

"நெசமாவா?"

"டீக்கன் சொல்றேன்."

அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு தலையைக் குனிந்து கண்ணை மூடினாள், முதல் நாள் போலவே. கஞ்சி ஆறிப் போயிருந்தது, இருந்தாலும் முழுதும் குடித்தாள்.

அவள் வீட்டுக்காரர் காங்கின் கடிதம் எனக்கு வந்தது அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை. நான் பதில் போட்டது வியாழக்கிழமை. அதாவது அவளுக்கு நான் வாக்குக் கொடுத்தபோது பதில் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. தேதிகள் உங்களிடம் இருப்பவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தைப் படிக்க நீங்கள் ஆள் தேடினீர்கள் என்று கேள்விப்பட்டேன். முழுக் கடிதமும் தேவாலய எழுத்தில் இருந்தது. இரண்டு பக்கம், ஒரு ஒலிக்குறி பிழையில்லை. என் விசைப்பலகையில் தட்டியது. இத்தனை வருடத்தில் அந்த எழுத்தில் எனக்கு முழுசாகக் கடிதம் எழுதியவர் அவர் ஒருவர்தான். என்னுடைய மாடியில் இருந்தவர்கள்கூட எனக்குச் சீன எழுத்தில்தான் எழுதுவார்கள். 'டீக்கன் சுவா அவர்களுக்குச் சமாதானம் உண்டாவதாக' என்று ஆரம்பித்திருந்தார். பாடகர் குழுவில் பாடுகிறாராம். மனைவியின் பெயரை இணையத்தில் பார்த்தாராம், அவள் நலமா என்று கேட்டிருந்தார். விசைப்பலகையின் பழைய பெயரை ஏன் மாற்றினீர்கள், அது அழகாக இருந்ததே என்றும் கேட்டிருந்தார். நான் அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

நான் அவருக்கு முகவரி எதுவும் கொடுக்கவில்லை. பதிவேட்டின் சுட்டியைத்தான் அனுப்பினேன். அது யாரும் பார்க்கக்கூடியது. அவள் வேலை செய்யும் இடம் எந்த ஊர் என்றும் கேட்டிருந்தார்; துங்காங் ஊர்தானா என்று அவரே ஊகித்தும் இருந்தார். மின்னஞ்சலில் பண்ணையின் பெயர் இருந்ததால் நான் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தேன். ஆம் என்றேன். கடைசியில் என் மனத்தாங்கலையும் ஒரு வரி எழுதினேன். ஞாயிறு காலை அவள் ஆராதனைக்குப் போவதில்லை, எல்லோரும் ஊருக்குப் போய்விட, பண்ணையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், இதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று. அவருடைய கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எந்தக் காது என்று கேட்டவன் நான்தான். குடும்பம் ஒன்று சேரட்டும் என்றுதான் எழுதினேன் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். அவள் கை தூக்கியதும் உண்மைதான்.

பதினோரு வருடத்தில் குழுவுக்குத் தெரியாமல் நான் எழுதிய கடிதம் அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அவர் பண்ணைக்குள் போனதாகச் சொன்னீர்கள். அந்த நேரம் நான் இரண்டாம் பாட்டுக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் உடலைத் தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டெடுத்ததாகவும், இடது பக்கமாக வந்ததால் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது என்றும் சொன்னீர்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

செய்தி வந்ததும் மாடிக்குப் போனேன். யாரும் இல்லை. சர்வர் மேல் அவள் வைத்த பொட்டலம் இருந்தது, அதற்கு இன்னும் தேதி இருக்கிறது. கருத்துக் கேட்பு முடிய இரண்டு நாள் மிச்சம். இருந்தாலும் உட்கார்ந்து அந்தப் பதிவை அழித்தேன். நாலு நிமிடம் ஆனது. யாருடைய பிரதியும் கெடவில்லை. கையோடு விசைப்பலகைக்குப் பழைய பெயரையும் திரும்ப வைத்தேன், வாக்கு இப்போது ஆறுக்கு ஒன்றுதானே என்று.

எழுத வேண்டியது அவ்வளவுதான். அவள் கேட்டதை, சொன்ன நாளுக்கு முன்பே, நான் செய்து கொடுத்துவிட்டேன். அதை மட்டும் உங்கள் குறிப்பில் தவறாமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.