பூட்டின சைரன்

ஓம் தம்பி, நபீலா எண்டா நான்தான். கையெழுத்துப் போட மாட்டனெண்டு சொல்லல்லயே. முதல்ல இந்தப் பிளேன்டீயக் குடிங்க. கொழும்பிலயிருந்து கல்முனைக்கு இந்த மழைக்குள்ள வந்திரிக்கீங்க, வெறும் வகுத்தோட அனுப்பினா ஊர் என்னத்தச் சொல்லும்.

அந்த வெள்ளச் சைரன்ட புரோகிராம் நானும் ஸஜாத் காக்காவும் எழுதினது. அவர் மௌத்தாகி இப்ப நான் மட்டுந்தான் மிச்சம். ஆத்துல தண்ணி ஏறினா பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல அது தன்ட பாட்டுக்கு அடிக்கும். ஓபன் சோர்ஸெண்டு நெட்டுல போட்டு வெச்சம். ஆரும் எடுக்கலாம், திருத்தலாம், ஆனா திருத்தினத எல்லாருக்கும் திறந்து வைக்கோணும். எங்கட நிபந்தன அவ்வளவுதான். ஒங்கட கம்பனி எடுத்திச்சி, பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிச்சி, ஆரோ பெத்த புள்ளைக்கிப் பேரும் வெச்சி விக்கிது. இப்ப எனக்கு அதுல உரிம ஒண்டும் இல்லையெண்டு கையெழுத்தும் வேணும்.

கோவம் இரிந்திச்சிதான். இப்ப பயம் மட்டுந்தான் இரிக்கி.

எங்கெங்க வித்திரிக்கீங்க, அதச் சொல்லுங்க. மலைநாட்டுலயுமா? குளக்கட்டுக்குக் கீழ, பொம்புளப் புள்ளைகள்ட ஹொஸ்டல்லயா? யா அல்லாஹ். அங்கயும் அடைமழையெண்டு நியூஸ்ல சொன்னானே.

இல்ல தம்பி, நான் மெயில் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சி போனன். பெட்டிக்குள்ள என்ன இரிக்கெண்டு கேக்க ஒங்களுக்கு உரிம இல்ல, அது கம்பனிச் சொத்தெண்டு ஒங்கட லோயர்தான் பதில் போட்டார். கேட்டிரிந்தா சொல்லியிருப்பன்.

எங்கட பள்ளில தொழுகைக்குக் கூப்பிடுற பாங்குக்கும் சைரனுக்கும் ஒரே ஸ்பீக்கர். பாங்குக்கு நடுவுல சைரன் கத்தினா பள்ளி நிர்வாகம் பாக்கிற மரைக்கார்மார் சும்மா விடுவாங்களா? அதனால பாங்கு நேரம் பத்து நிமிசம் அது வாயத் துறக்காத மாதிரி எழுதினம். அந்த நேரத்துக்கு பாங்கு சொல்லுற மோதினார்ட கண்ணுக்கு முன்னால ஒரு செவப்பு பல்பு. தண்ணி ஏறி அது எரிஞ்சா அவரே பாங்க நிப்பாட்டிட்டு மைக்ல சனத்த ஓடச் சொல்லுவார்.

ஒங்கட பெட்டில பல்பு இரிக்கா? இல்ல, கேட்டுப் பாத்தன். பல்பு இரிந்தாலும் பள்ளி இல்லாத இடத்துல மோதினாருக்கு எங்க போற?

ஓம், ஒரு நாளைக்கி அஞ்சு நேரமும். எந்த ஊர்ல வெச்சாலும் அந்த ஊர்ப் பாங்கு நேரத்தத் தானே கணக்குப் பாத்துப் பேசாம இரிந்திரும். ஒங்கட ஆக்களுக்கு புரோகிராம்ல அது என்ன வரியெண்டே விளங்கியிருக்காது.

லெப்டொப்பத் துறங்க, நானே அழிச்சித் தாறன், ஒரு வரிதான். துறக்கேலாதா? புரோகிராமத் துறக்கிற பாஸ்வேர்ட் சேர்மன்ட கையிலயா? அவரு பிளேன்லயா?

அப்ப அத விடுங்க. ஹொஸ்டலுக்குக் கோல் எடுங்க தம்பி, புள்ளைகள மேட்டுக்கு ஏத்தச் சொல்லுங்க. அடிக்கிதா? ஆரும் எடுக்கல்லயா? திரும்ப எடுங்க.

இல்ல, இந்தக் கேக்கிற சத்தம் சைரன் இல்ல, எங்கட பள்ளிதான். மஃரிப், அந்திப் பாங்கு. மலைநாட்டுலயும் கிட்டத்தட்ட இதே நேரந்தான்.