குள்ளமான ஜீப்

விருதுநகரில் தகுதிச் சான்றுக்காக எப்.சி. பார்க்கும் மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. என் வேனுக்கு முன்னால் ஒரு பழைய ஜீப். ஜீப்காரருக்குப் பழக்கமான ஆமத்தூர்க்காரர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னண்ணே, வண்டிய இப்படிக் குள்ளமாக்கிட்டீக?"

"பெரிய டயரு, தூக்கிவிட்ட சஸ்பென்ஷன் எல்லாம் செல்லாதுன்னு போன தடவ திருப்பி விட்டாக. கம்பெனியில வந்த மாதிரியே மாத்திட்டேன்."

"எல்லாரும் செய்றதுதான. சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டுப் பழையபடி தூக்கிருங்க."

ஜீப்காரர் பக்கத்து சீட்டைத் துண்டால் துடைத்தார்.

"தூக்குனதுல இருந்து வீட்ல இதுல ஏறவே இல்லப்பா. ஸ்டூலு போட்டு ஏறுனா தெருவே சிரிக்கும்னு, கோயிலுக்குக்கூட பஸ்ஸுலதான் போவா. நான் அந்த பஸ்ஸு பின்னாலயே வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போவேன்."

"இப்ப மதினி ஏறுனாகளா?"

"காலைல வாசல்ல நின்னு, சேலைய ஒதுக்கிக்கிட்டு ஒரு கால மட்டும் தூக்கி வச்சுப் பாத்தா. செவத்தோரம் கெடந்த பெரிய டயருகளப் பாத்துட்டு வீட்டுக்குள்ள போயிட்டா."

வரிசை நகர்ந்தது. வண்டியைக் கிளப்பியவர் தலையை வெளியே நீட்டினார்.

"அந்தப் பெரிய டயரு நாலும் வீட்லதான் கெடக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழம. அவ கோயிலுக்குக் கெளம்புறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிரு தம்பி."