முகத்தை இடப்பக்கம் திருப்பவும்

எனக்கு வியர்வை என்றால் ஆகாது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு பேக்கிங் வேலைக்குப் போகலாம் என்று கவிநிலா கூப்பிட்டபோது நான் வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் அதுதான். தகரக் கூரை, மே மாத வெயில், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. கல்லூரி லீவில் நாலு காசு பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும்போது கொஞ்சம் பயமாக இருந்தது. நீங்கள் ஃபேன் போட்டு, தண்ணீரும் கொடுத்தீர்கள் மேடம். அதனால் நானும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

கவியும் நானும் பி.காம். இரண்டாம் வருஷம், ஒரே பெஞ்ச். அவள் அப்பா முருகையன், மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஏடிஎம் வாசலில் காவல். அம்மா கன்னியம்மாள் ஒரு மெஸ்ஸில் சமையல். எங்களுக்கு முதலியார்பேட்டையில் சொந்த வீடு, மாடி அறையில் ஏசி. அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அதை வைத்து நான் அவளை ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை.

ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தை நான் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்டேன். சூதாட்டம் என்பார்கள். விளையாடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவசரம். சுமாரான சீட்டு வந்தாலே பணத்தைப் போட்டுவிடுவார்கள். நான் காத்திருப்பேன். வந்த சீட்டைத் திரும்பத் திரும்பத் தூக்கிப்போட்டுவிட்டு, எதிராளி பதறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு இயல்பாக வரும். இப்போது அந்த விளையாட்டையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த மே மாதம் நிறுத்தியிருக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். என் கணக்கை அந்த விளையாட்டுச் செயலிக்காரர்கள் முடக்கிவிட்டார்கள். என் பெயரிலும் அம்மா பெயரிலுமாக ஒரே மேசையில் இரண்டு பேராக உட்கார்ந்தேன் என்று காரணம் சொன்னார்கள். உட்கார்ந்தது உண்மைதான். அதனால் கவியின் ஆதார், கவியின் பான் கார்டு, கவியின் வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்து அவள் பெயரில் புதிதாகத் தொடங்கினோம். ஆட்டம் பெரும்பாலும் நான்தான் ஆடுவேன். வருவதில் பாதிப் பாதி. கணக்குக்கு உரியவர்தான் விளையாடுகிறாரா என்று பார்க்க, நடுநடுவே செயலி முகத்தைக் காட்டச் சொல்லும். அப்போது அவள் என் ஃபோன் முன்னால் வந்து உட்கார வேண்டும். சோப்புக் கம்பெனியில் முகத்தைக் காட்டியதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

வீட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லியிருந்தாள். அந்தப் பொய் அவளுடையது.

மே மாதக் கடைசியில் பெரிய போட்டி ஒன்று வந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் தாக்குப்பிடித்தவர்கள் ஞாயிறு மதியம் கடைசிச் சுற்றுக்கு உட்கார வேண்டும். அப்பாவும் அம்மாவும் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கவி என்னோடு வந்து தங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவளுக்கு வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சனிக்கிழமை அது அடிவயிற்றில் வலப்பக்கம் இறங்கியது. குடித்த கஞ்சியும் வாந்தியாக வந்தது. காலை மடக்கிக்கொண்டே படுத்திருந்தாள். நீட்டச் சொன்னால் மாட்டேன் என்றாள்.

"லினெட்டு, டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாம்டி. தெரு மொனையிலதான கிளினிக்கு."

"போனா ஸ்கேன் எடுன்னுவாங்க, பெட்டுல சேருன்னுவாங்க. நாளைக்கு ஒரு நாள்தான் கவி. மூஞ்சி காட்ட நீ வேணும்ல?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்ள முடியும்? மெடிக்கலுக்குப் போய் வலி மாத்திரை வாங்கி வந்தேன். வெந்நீர்ப் பை வைத்துவிட்டேன். ஆட்டத்துக்கு நடுவே இதையெல்லாம் செய்தேன்.

ஞாயிறு காலை வலி திடீரென்று நின்றுவிட்டது. "இப்ப பரவால்லடி" என்று எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் எலுமிச்சை ஜூஸ் குடித்தாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்றேன். குடல்வால் உடைந்தால் கொஞ்ச நேரத்துக்கு வலி அப்படித்தான் அடங்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். எனக்குத் தெரியாத விஷயங்களும் இதில் இருக்கின்றன.

மதியம் ஆட்டம் தொடங்கும்போது முகம் கேட்டது. அவளே தலை வாரிக்கொண்டு வந்து காட்டினாள்.

அதன் பிறகுதான் குளிருகிறது என்றாள். ஏசியை நிறுத்தினேன். எனக்குக் கழுத்தெல்லாம் வியர்வை ஊற்றியது, பொறுத்துக்கொண்டேன். இரண்டு போர்வை போர்த்தியும் அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. கையைத் தட்டிவிட்டாள்.

"முடியலடி. ஆட்டோ கூப்புடு."

"இன்னும் கொஞ்ச பேருதான் இருக்காங்க கவி. தோ, முடிஞ்சிடும்."

ஆட்டத்தை விட்டு எழுந்தால் அது எனக்காக நிற்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயப் பந்தயம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். நாற்காலி காலியாக இருந்தால் கையிருப்பு கரைந்துவிடும். ஃபோனில் ஆடிக்கொண்டே ஆட்டோவில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அடுத்த முறை முகம் கேட்கும்போது முகம் உள்ளே இருக்கும், ஃபோன் வெளியே இருக்கும்.

நாலு மணி வாக்கில் அவள் ஃபோன் அடித்தது. கன்னியம்மாள். எடுக்காவிட்டால் நேரே கிளம்பி வந்துவிடுவார் என்று நான் எடுத்தேன்.

"பாப்பா, கவி எடுக்கலியா?"

"தூங்குறா ஆன்ட்டி. லேசா வயித்து வலி. மாச வலிதான்."



"அவளுக்கு இது தேதி இல்லியே பாப்பா. போன வாரந்தான குளிச்சா?"

"வெயிலுக்கு முன்ன பின்ன ஆகும் ஆன்ட்டி."

"நான் வேணா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன். பஸ்ஸு ஏறுனா வந்துடுவேன்."

"வேணாம் ஆன்ட்டி. இப்பத்தான் கண்ண மூடுனா. காலையில நானே கூட்டியாந்து விட்டுடுறேன்."

"நீ பக்கத்துல இருக்கியேன்னுதான் பாப்பா எனக்குத் தைரியம்" என்று வைத்துவிட்டார். பேசிக்கொண்டிருந்ததில் நல்ல சீட்டு ஒன்று கைவிட்டுப் போனது.

கவி தூங்கவில்லை. "அம்மாவா?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பேசுறாங்களாம்" என்றேன். பிறகு அவள் ஃபோனை அணைத்து வைத்தேன். உடம்பு முடியாதவளுக்கு ஓய்வு வேண்டும்.

ஆறு மணிக்குள் கடைசி மேசைக்கு வந்துவிட்டேன். ஒன்பது பேர் மிச்சம். மேசைக்குள் விடுவதற்கு முன் செயலி மறுபடி முகம் கேட்டது. கொடுக்கிற அவகாசம் குறைவு. காட்டாவிட்டால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள்.

"கவி, எழுந்திரு. மூஞ்சி கேக்குது."

எழுந்திருக்கவில்லை. மூச்சு வேகமாக மேலோட்டமாக ஓடியது. உதட்டில் நிறமில்லை. ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, சுவரில் தலையணை வைத்துச் சாய்த்தேன். கண் பாதி திறந்திருந்தது. அது போதும் என்று தோன்றியது. ஃபோனை எதிரே நாற்காலியில் நிற்கவைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில், திரையில் விழாதபடி குனிந்துகொண்டேன்.

முகத்தை இடப்பக்கம் திருப்பவும் என்று வந்தது. பின்னந்தலையில், முடிக்குள் கையை விட்டுத் திருப்பினேன். வலப்பக்கம் கேட்டது. திருப்பினேன். கண்ணைச் சிமிட்டவும் என்றது. அதற்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு கண்ணில் லேசாக ஊதினேன். சிமிட்டினாள். பச்சை டிக் விழுந்தது. அவள் உதடு அசைந்தது. அம்மா என்றாள் என்று நினைக்கிறேன். செயலிக்குக் குரல் தேவையில்லை.

இரண்டாவதாக வந்தேன். கடைசி ஆட்டத்தில் எதிராளிக்கு அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் முதலிடம்தான்.

பணம் அவள் கணக்கில் ஏறிய செய்தி செயலியில் வந்த பிறகு ஆட்டோக்காரர் வடிவேலைக் கூப்பிட்டேன். அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். "என்னம்மா இது, ஒடம்பு சில்லுன்னு கெடக்குது? எப்பலேருந்து இப்படி?" என்றார். இப்பத்தாண்ணே என்றேன். ஆஸ்பத்திரியிலும் வலி சாயங்காலத்திலிருந்துதான் என்றேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஆபரேஷன் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டாள். சனிக்கிழமை கொண்டுவந்திருந்தால் சின்ன ஆபரேஷன், அந்த வாரமே வீட்டுக்குப் போயிருப்பாள்; ஞாயிறு மதியம் வந்திருந்தாலும் பிழைக்கவைக்கப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கன்னியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீதான் பாப்பா எம்புள்ள கூட இருந்த" என்றார். நான் அழுதேன். நடிக்கவில்லை.

அவள் கணக்கிலிருந்து என் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவள் பங்கில் ஒரு ரூபாய் தொடவில்லை. வங்கியில் கேட்டுப் பாருங்கள். மிச்சமிருந்த பணத்தைப் பார்த்து, டேட்டா என்ட்ரிக்கு இவ்வளவு கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொண்டுதான் அவள் அம்மா உங்களிடம் வந்தாராம். செயலிக்காரர்கள் அனுப்பிய படத்தில் அவள் காதுக்குப் பின்னால் என் விரல் நுனி தெரிகிறது என்கிறீர்கள். என் விரல்தான்.

ஆம். அவள் கேட்டபோது டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அவள் அம்மாவை வரவிடாமல் செய்தேன். கடைசி மேசையில் உட்காரும்போது பக்கத்தில் கிடப்பவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவி இருந்தால் என்னைக் குறை சொல்லமாட்டாள். என் இடத்தில் இருந்திருந்தால் அவளும் இதையேதான் செய்திருப்பாள். ஏப்ரலில் ஒருநாள் நான் தலைசுற்றி விழுந்தபோது ஃபோன் அவள் கையில்தான் இருந்தது. ஜெயிக்கிற சீட்டு. அதை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் என்னைத் தாங்கிக்கொண்டு தெருமுனைக் கிளினிக்குக்கு ஓடினாள். ஆனால் அது சின்ன ஆட்டம், மேடம்.